கவனமும் உழைப்பும்: முகமாலை மிதிவெடி நிலத்தை முன்வைத்துச் சில உளவியற் குறிப்புகள்

கவனம் என்பதைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்ததொரு பண்பாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பரீட்சையிற் பிழைவிட்ட மாணவன் கவனமில்லாதவன். இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளி கவனக்குறைவாக இருந்தவன். இவ்வாறு சொல்லியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. அவனை எவ்வளவு நேரம் அவ்விடத்தில் நிறுத்தினர், என்ன கருவியைக் கையிற் கொடுத்தனர், அவனது வேகத்தை யார் தீர்மானித்தனர் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. ஆயின் கடந்த எண்பதாண்டுக்கால உளவியற் பரிசோதனைகள் கவனத்தைப் பற்றிக் கண்டறிந்தவை இப்பொதுக் கருத்துக்கு முற்றிலும் மாறானவை. அவற்றுட் சிலவற்றை, பளைப் பிரதேசத்து முகமாலையில் ஆண்டுக்கணக்காக நீண்ட மிதிவெடியகற்றும் உழைப்போடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன அக்கறை என வினவப்படலாம். மனித உணர்வும் புலனும் சமூக வாழ்வில் உருவாகின்றன என்று நாம் இலக்கியம் பற்றிப் பேசும்போதெல்லாம் கூறி வந்துள்ளோம். அக்கூற்று உயிருக்கும் கால்களுக்கும் உரிய விடயமாக மாறும் இடம் ஒன்று நமது ஊர்களிலேயே உண்டு என்பதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

பளையை வன்னியின் பகுதியாகக் கூறுவது நிருவாக வழக்கு. புவியியலடிப்படையில் நோக்குமிடத்து, ஆனையிறவுக்கு அப்பால் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில், தென்னந்தோப்புகளும் பனங்கூடல்களும் மணற்றரையுமாக அமைந்த பச்சிலைப்பள்ளியின் நடுவூர் அது. கிளிநொச்சி மாவட்டத்துள் அடங்குவது. இவ்வமைவே அதன் அண்மைக்கால வரலாற்றையும் தீர்மானித்தது. 2000 ஏப்ரிலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்ததைத் தொடர்ந்து, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என நீண்ட கோடு இரு தரப்பினதும் முன்னரங்கமாயிற்று. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது முகமாலை ஒரு சோதனைச் சாவடியின் பெயராக நாடெங்கும் அறியப்பட்டது. 2006 ஓகஸ்டில் அங்கேயே போர் மீண்டும் மூண்டது, பாதையும் மூடப்பட்டது. 2009 ஜனவரியில் இராணுவம் அக்கோட்டைக் கடந்து செல்லும்வரை, ஏறத்தாழ ஒன்பதாண்டுக் காலம், இரு தரப்பும் அம்மண்ணில் வெடிகளைப் புதைத்தன. பாகிஸ்தானிய உற்பத்தியான பி-4 வகையும், அதனைப் பார்த்து விடுதலைப் புலிகள் செய்த வகையும், மரப்பெட்டியுள் அமைந்த ஜொனி வகையும் அங்கு கலந்து கிடந்தன. அரண்கள் முன்னும் பின்னும் நகர்ந்தபோது பழைய வரிசைகளின் மேற் புதிய வரிசைகள் விழுந்தன. உலகில் மிகச் செறிவாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களுள் ஒன்றாக முகமாலை பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

2014 மார்ச்சில் யாழ்தேவி பளை வரை வந்து சேர்ந்தது. அதே ஆண்டளவிற் பளைக் கரையோரத்திற் காற்றாலைகளும் எழுந்தன. காற்றை மின்னாக்கும் அப்பெரும் இயந்திரங்கள் சுழலும் பிரதேசத்திலேயே, ஒரு மனுஷி முழந்தாளிட்டு ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைச் சுரண்டிச் செல்லும் உழைப்பும் நடைபெற்றது. மிக நவீனமான உற்பத்திச் சாதனமும் மிகத் தொன்மையான கைவேலையும் ஒரே வெயிலில் அருகருகே நிற்பதனை முரண்பாடு என்று வியப்பதிற் பொருளில்லை. எங்கு மூலதனம் திரும்பி வருமோ அங்கு இயந்திரம் வருகிறது. எங்கு வெறும் நிலமும் மனிதரும் மட்டும் உள்ளனரோ அங்கு கை போதுமெனக் கொள்ளப்படுகிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கு அவசியமாகிறது. ஈழத்து வழக்கில் 'கண்ணிவெடி', 'மிதிவெடி' என்னும் இரண்டும் பொதுவாக வேறுபடுத்திக் கையாளப்படுவன. முன்னையது பெரும்பாலும் வாகனங்களைக் குறிவைப்பது, மறைந்திருந்து வெடிக்கவைக்கப்படுவது. பின்னையது காலடி பட்டு வெடிப்பது. 'கண்ணி' என்ற சொல்லில் வைத்தவன் ஒருவன் இருக்கிறான், வேடனைப்போல. 'மிதிவெடி' என்ற சொல்லிலோ மிதித்தவர் மட்டுமே இருக்கிறார். புதைத்த கை சொல்லிலிருந்தே நீங்கிவிட, வினை முழுவதும் பாதத்தின் வினையாகிறது. பாமர மக்கள் திட்டமிட்டுச் செய்த சொல்லன்று இது. எனினும், பாதிக்கப்பட்டவரின் செயலையே காரணமாக்கும் பார்வை எவ்வளவு இயல்பாக மொழியிற் படிந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

இனி வேலையைப் பார்ப்போம். மனிதநேய நோக்கில் வெடியகற்றுவோர் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமுள்ள ஒழுங்கைகளாக நிலத்தைப் பிரித்துக்கொள்கின்றனர். முன்னே குறுக்காக ஒரு கோல். அதற்கப்பால் உள்ளது சோதிக்கப்படாத மண். உலோகங்காட்டியை மண்ணுக்கு மேலாக மெல்ல அசைக்கின்றனர். ஒலி எழுந்தால் நின்று, அவ்விடத்தைக் குறித்து, பக்கவாட்டிலிருந்து மெதுவாக அகழ்கின்றனர். பாதுகாப்பு மேலங்கியும் முகக்கவசமும் அணிந்து, வன்னி வெயிலில், நாள் முழுவதும் இது நிகழ்கிறது. பணியாளர் மிகப் பெரும்பாலும் அவ்வப் பிரதேசத்தவர். அவர்களுட் கணிசமானோர் பெண்கள். போரிற் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குவோரும் பலர். இங்கு சிக்கல் யாதெனில், நவீன மிதிவெடியில் உலோகம் மிக அற்பம். முன்னரங்க மண்ணிலோ எறிகணைச் சிதறல், ரவைக்கோது, ஆணி, கம்பித்துண்டு என உலோகம் எங்கும் நிறைந்துள்ளது. கருவி எழுப்பும் ஒலிகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்ற இரும்பையே அறிவிக்கின்றன. ஆகவே அவ்வுழைப்பாளி நாள்தோறும் தேடுவது மிக அரிதாகவே கிடைக்கும் ஒன்றை. அது கிடைக்கும் கணத்தில் அயர்ந்தால் மறுகணம் இல்லை.

அரிதான ஒன்றைத் தேடும்போது மனித மனம் எவ்வாறு தொழிற்படுகிறது என்னும் வினா முதலில் போரிலேயே எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படையின் றாடார்ப் பணியாளர்கள் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தனர். நேரம் செல்லச் செல்ல அவர்கள் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்தவர் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த நோர்மன் மக்வேர்த். எண்களற்ற வெள்ளை வட்டமொன்றில் ஒரு முள். செக்கனுக்கு ஒரு படியாக நகரும். ஒரு சுற்றுக்கு நூறு படிகள். எப்போதாவது ஒருமுறை அது இரு படி தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். வேலை இரண்டு மணித்தியாலம். 1948 இல் வெளியான முடிவு எளிமையானது, ஆயின் அசைக்க முடியாதது: முதல் அரைமணித்தியாலத்துக்குள்ளேயே கண்டறியும் திறன் தெளிவாக வீழ்ந்தது. பங்குபற்றியோர் சோம்பேறிகளல்லர், பயிற்சி பெற்ற படையினர். முயன்று கவனிப்பவனுக்கும் கவனம் தேய்கிறது. இதற்கு மருந்து ஓய்வும் வேலை மாறுதலுமேயன்றி அறிவுரையன்று.

இதனினும் வியப்பானது 2005 இல் ஜெரமி வூல்ப் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட பரிசோதனை. விமான நிலையத்துப் பொதி சோதனையைப் போன்றதொரு தேடல் வேலையைச் சாதாரண மக்களிடம் கொடுத்தனர். தேடப்படும் பொருள் படங்களுட் பாதியில் இருந்தபோது, பார்த்தவர்கள் அதனைத் தவறவிட்டது 7 வீதம். பத்திலொன்றில் இருந்தபோது 16 வீதம். நூற்றிலொன்றில் இருந்தபோது 30 வீதம். பொருள் மாறவில்லை, கண் மாறவில்லை, களைப்பும் இதனை விளக்கப் போதாது. அரிது என்பதே காணாமைக்குக் காரணமாயிற்று. ஏனெனில், 'இல்லை' என்று சொல்லிச் சொல்லி அது சரியாகவே இருந்துவரும்போது, மனம் தன் அளவுகோலைத் தன்னையறியாமலே தளர்த்திக்கொள்கிறது. முன்னர் ஐயத்துக்குரியதாக நின்று நோக்கப்பட்டது பின்னர் 'இதுவும் வழமையான இரும்புதான்' என ஒதுக்கப்படுகிறது. தேடலையும் விரைவிற் கைவிட்டுவிடுகிறது. பின்வந்த ஆய்வுகளில், 'கவனமாகப் பாருங்கள்' என்ற எச்சரிக்கை இதனை எளிதில் மாற்றவில்லை. இடையிடையே தேடப்படும் பொருள் அடிக்கடி வரும் சிறு பயிற்சிகளைக் கொடுத்து, சரி பிழையை உடனுக்குடன் அறிவித்தபோது ஓரளவு மாற்றம் ஏற்பட்டது. தவறுக்கும் சரிக்கும் கிடைக்கும் பலனை மாற்றியபோதும் அவ்வாறே. அதாவது உழைப்பு எவ்வாறு ஒழுங்கமைக்கப்படுகிறது என்பதிலேதான் காட்சியின் கூர்மையும் தங்கியுள்ளது.

ஆய்வுகூடத்து முடிவை அப்படியே முகமாலை மணலிற் பொருத்திவிடுதல் தகாது என்று நாம் ஒப்புக்கொள்ளலாம். ஆய்வுகூடத்தில் தவறவிட்டவர் தன் காலை இழப்பதில்லை. அச்சம் கவனத்தைக் கூர்மையாக்கும் என வாதிடுவோரும் உளர். ஆயின் அச்சம் நீடிப்பதில்லை. மாதக்கணக்கில் ஒரே மண்ணில் முழந்தாளிட்டவருக்கு அச்சமும் வழமையாகிவிடுகிறது; அவ்வாறு ஆகாவிடின் அவர் அவ்வேலையைச் செய்யவே இயலாது. இங்கு எண்ணிப் பார்க்கவேண்டிய சான்று ஒன்றுண்டு. பிரித்தானியரான ஆண்டி ஸ்மித் என்பவர் பல நாடுகளில் நிகழ்ந்த வெடியகற்றல் விபத்துக்களின் அறிக்கைகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் காரணத்தையும் வகைப்படுத்தினார். அவ்வகைகளுள் 'பாதிக்கப்பட்டவரின் கவனமின்மை' என்பது ஒன்று. 'களக் கட்டுப்பாட்டின் போதாமை', 'முகாமைத்துவத்தின் போதாமை' என்பன வேறு இரண்டு. வெடியிற் சிக்கியவரே பிழைவிட்டவர் என முடித்துவிடாமல், மேற்பார்வையாளனையும் அலுவலகத்தையும் காரணப் பட்டியலுக்குள் கொண்டுவந்தமை இப்பாகுபாட்டின் பெறுமதி. முதலாவது வகையைக்கூட மக்வேர்த்தினதும் வூல்ப்பினதும் முடிவுகளோடு சேர்த்து வாசித்தால், அதன் பெரும்பகுதி மற்றிரண்டினுள்ளும் கரைந்துவிடும் என்பதே நமது கருத்து. வேலைநேரமும் இடைவேளையும் முகாமைத்துவத்தின் தீர்மானங்கள். வேலையின் வெற்றியைச் சதுரமீற்றர்க் கணக்கிற் கேட்பவர்கள் நிதி வழங்கும் அரசுகள். கவனம் என்னும் பெயரால் உழைப்பாளியிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அவர்களது தீர்மானங்களின் குறையை அவளது நரம்புகளால் ஈடுசெய்வதையே.

உளவியலார் விடைதேடி நின்ற இவ்விடத்தில், இலங்கையின் வெடிநிலங்களில் விருத்தியுற்ற ஒரு முறை நமது கவனத்துக்குரியது. அது கண்டால் எவரும் விஞ்ஞானம் என்று கூறமாட்டார்கள்: நீண்ட பிடி பொருத்திய குப்பைவாரி. சருகு வாரும் கருவிதான். வெடி வரிசைகள் செறிந்தும் இரும்புச் சிதறல்கள் நிறைந்தும் கிடந்த மணற்பாங்கான நிலத்தில் உலோகங்காட்டி ஓயாது ஒலித்தமையால், ஒவ்வோர் ஒலியையும் ஆராய்வதை விட்டு, மண் முழுவதையும் வேண்டிய ஆழத்துக்கு வாரியெடுக்கும் முறை இங்கு வளர்த்தெடுக்கப்பட்டது. கனமான வாரி மண்ணைத் தளர்த்தும். இலேசான வாரி அதனை அகற்றும். மேலிருந்து அழுத்தாமல் முன்பக்கத்திலிருந்து வாருவதால், புதைந்திருப்பது தன் பக்கத்தைக் காட்டியபடி வெளிப்படும். தப்பித்தவறி வெடித்தாலும், பிடியின் நீளம் உழைப்பாளிக்கும் வெடிக்குமிடையே தூரத்தை வைத்திருக்கும்.

இதன் உளவியற் சிறப்பு போதியளவு உணரப்படவில்லை என்றே கூறவேண்டும். உலோகங்காட்டி உழைப்பாளியிடம் ஓயாது ஒரு தீர்ப்பைக் கேட்கிறது: இவ்வொலி வெடியா, வெறும் இரும்பா? அரிதின் தந்திரம் புகுவது அத்தீர்ப்பின் வழியாகவே. குப்பைவாரி அத்தீர்ப்பையே நீக்கிவிடுகிறது. எது இருப்பினும் இல்லாவிடினும் எல்லா மண்ணும் வாரப்படுகிறது. ஐயத்தின் இடத்தை முறை எடுத்துக்கொள்கிறது. மனித மனத்தின் பலவீனத்தை அறிவுரையாலன்றி வேலையின் அமைப்பை மாற்றுவதனால் வென்ற சிறந்த உதாரணம் இது. வேகம் குறைவு, உடலுழைப்பு அதிகம் என்பன உண்மையே. இறுகிய களிமண்ணில் இம்முறை எளிதன்று. ஆயின், உழைப்பாளியின் முதுகில் ஏறும் பாரத்தை அவளது தலையில் ஏறும் பாரத்தோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்க்கும் தராசு நம்மிடம் இல்லை. சதுரமீற்றர்க் கணக்கு முதலாவதை மட்டுமே காட்டும். கவசமிட்ட அகழ் இயந்திரங்களும் முகமாலையிற் பயன்பட்டன எனினும், கடைசி மண் கைகளிலேயே தங்கியிருந்தது.

இதற்கு மறுதலையான வழியொன்றும் உண்டு. அது தீர்ப்பை நீக்குவதன்று, தீர்ப்பளிக்கும் திறனை ஆராய்வது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டஷெவ்ஸ்கி, சாதாரணப் படையினர் தவறவிடும் வெடிகளையும் கண்டுபிடிக்கும் தேர்ந்த கண்ணிவெடி வல்லுநர்களின் வேலைமுறையை நுணுகி ஆராய்ந்தார். வல்லுநரின் செவி மற்றையோரின் செவியைவிடக் கூர்மையானதன்று. கருவியை நகர்த்தும்போது ஒலி எங்கு தொடங்குகிறது, எங்கு அடங்குகிறது என்பவற்றைப் புள்ளிகளாக மனத்தில் இட்டு, அவற்றை இணைத்து, மண்ணுக்குள் கிடக்கும் ஒரு வடிவத்தை அவர் உள்ளத்தில் வரைந்துகொள்கிறார். ஆணியின் ஒலிக்கு ஒரு வடிவம். வெடியின் ஒலிக்கு வேறொரு வடிவம். அவர் செவியாற் காண்கிறார் எனலாம். இதனைப் பாடமாக்கிப் புதியவர்களுக்குக் கற்பித்தபோது, உலோகம் குறைந்த வெடிகளைக் கண்டறியும் அவர்களது திறன் பன்மடங்கு உயர்ந்தது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்குமிடத்து, செவியை ஐந்தாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைப்பது நாம் அறிந்ததே. ஸ்டஷெவ்ஸ்கியின் முடிவை வைத்து நோக்கும்போது ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையே கோடு கீறுவது எளிதன்று. பயின்ற செவிக்குள் மனம் குடியிருக்கிறது. புலன்கள் இயற்கை தந்த வாயில்கள் மட்டுமல்ல, மனித வரலாற்றில் உழைப்பினால் உருவானவை என இளம் மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வற்புறுத்தினார். இசை பயிலாத செவிக்கு உயர்ந்த இசையும் பொருளற்றது என்பது அவர் எடுத்துக்காட்டு. சோவியத் உளவியலாளர் விகொற்ஸ்கி கவனத்தையே இவ்வாறு விளக்கினார்: குழந்தையின் கவனம் முதலிற் பிறர் சுட்டும் விரலால் நெறிப்படுத்தப்படுகிறது, பின்னரே அது அதன் சொந்தக் கவனமாக உள்ளே செல்கிறது. வல்லுநரின் செவி பற்றிய ஆய்வு இக்கருத்துகளுக்கு அவற்றின் ஆசிரியர்கள் எதிர்பார்த்திராத இடத்திலிருந்து வந்த சான்று.

இவ்வாய்வின் தொடர்ச்சி இலங்கையரொருவரின் கைக்கு வந்தது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்ற லகிரு ஜயதிலக, ஸ்டஷெவ்ஸ்கி முதலியோருடன் சேர்ந்து, வல்லுநர் உள்ளத்தில் வரையும் வடிவத்தைத் திரையில் வரைந்துகாட்டும் துணைக்கருவியொன்றை அமைத்தார். 2011 இல் வெளியான அவர்களது ஆய்வுகூடப் பரிசோதனையில், அத்துணையைப் பெற்றவர்கள் வெடியை வெறும் இரும்பெனத் தவறாகக் கொள்ளும் வாய்ப்பு 80 வீதத்தாற் குறைந்தது. மலிவான, நடைமுறைக்கேற்ற வழி அது. உலோகங்காட்டியை எறிந்துவிடச் சொல்லாமல் அதன் ஒலிக்கு ஓர் உருவத்தைக் கொடுத்தது. இதே நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார குழுவினர் கீரியொன்றையும் சிறு இயந்திரத்தையும் இணைத்து வெடியை மோப்பம் பிடிக்கவைத்த முயற்சியும் 2008 அளவில் வெளிவந்தது. பாம்பைக் கண்டறியும் கீரியை வெடிக்கும் பழக்கிய அக்கற்பனை கவர்ச்சியானது எனினும், அது பரவலான களப்பணிக்கு வந்ததாகத் தெரியவில்லை. கம்போடியாவில் ஆபிரிக்கப் பெரெலிகளே அவ்வேலையிற் புகழ்பெற்றன. மகாவா என்னும் எலிக்கு 2020 இற் பதக்கமும் வழங்கப்பட்டது.

ஆயின் ஜயதிலகவின் கருவி எழுப்பும் வினா தொழில்நுட்ப வினா மட்டுமன்று. வல்லுநரின் செவியில் இருந்த அறிவு இப்போது பொருளின் அறிவாகியுள்ளது. ஹரி பிறேவர்மன் 1974 இல் எழுதிய நூலில், முதலாளித்துவ உற்பத்தியில் தொழிலாளியின் கைத்திறன் எவ்வாறு அவனிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு முகாமைத்துவத்தின் உடைமையாகிறது எனக் காட்டினார். இவ்விடயத்தில் அதனை இயந்திரகதியாகப் பொருத்துவது தவறாகும். உயிரைக் காக்கும் அறிவு ஒருவரின் செவிக்குள் அடைபட்டுக் கிடப்பதைவிடப் பலரிடம் பரவுவது மேல் என்பதில் ஐயமில்லை. கேள்வி வேறிடத்திலுள்ளது. அவ்வறிவு புதிய உழைப்பாளியைக் கற்பிக்கும் ஆசானாக வருகிறதா, அன்றேல் அவளைக் கற்கத் தேவையில்லாதவளாக்கி மலிவாக மாற்றத்தக்கவளாக்குகிறதா? ஒரே கருவி இரண்டையும் செய்யவல்லது. எதைச் செய்யும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

எதிர்காலம் பற்றிய பேச்சு இன்று ஆளில்லா விமானங்களையும் செயற்கை நுண்ணறிவையும் சுற்றியே நிகழ்கிறது. மண்ணின் மேல் தூவப்படும் பிளாஸ்டிக் 'வண்ணத்துப்பூச்சி' வெடிகளை வானிலிருந்து எடுத்த படங்களிற் கணினி கொண்டு கண்டறியும் முயற்சியை அமெரிக்காவின் பிங்ஹாம்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேற்கொண்டனர். 2020 இல் அவர்கள் வெளியிட்ட இரு எண்கள் நீண்ட நேரம் சிந்திக்கத்தக்கன. கணினி ஓரளவு பழகிய நிலப்பரப்பின் படங்களிற் சோதித்தபோது துல்லியம் 99.3 வீதம். அது முன்னர் காணாத படங்களிற் சோதித்தபோது 71.5 வீதம். இயந்திரமும் தான் வளர்ந்த ஊரையே நன்கறியும் எனலாம். 1990களில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றிருந்த அளவு 99.6 வீதம்; பின்வந்த சர்வதேச நியமம் குறித்த ஆழம் வரை முழுமையான அகற்றலையே கோருகிறது. முகமாலையிற் கிடந்தவையோ தூவப்பட்டவையல்ல, புதைக்கப்பட்டவை. அவற்றின் மேல் ஆண்டுக்கணக்கில் புல்லும் வடலியும் வளர்ந்தன.

ஆகவே இயந்திரத்தின் பின் ஒரு மனிதர் நிற்கவேண்டியே வரும். அவர் என்ன செய்வார்? இயந்திரம் தவறவிடுவதைக் கண்காணிப்பார். லிசான் பெயின்பிறிட்ஜ் 1983 இல், தானியக்கத்தின் முரண்நகைகள் என்று தலைப்பிட்ட கட்டுரையில் இதனை முன்கூட்டியே காட்டினார். எளிய வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அரிதாக நிகழும் கடினமான பிழையைக் கண்டுபிடிக்கும் வேலையை மனிதருக்கு விடுகிறோம். இடைப்பட்ட காலத்தில் அவரது திறன் பயிற்சியின்றி மங்கிவிடுகிறது. மக்வேர்த்தின் வெள்ளை வட்டத்துக்கு முன்னால், வூல்ப்பின் நூற்றிலொரு படத்துக்கு முன்னால், அதே மனிதரை மீண்டும் இருத்துகிறோம். இயந்திரம் சிறப்படையச் சிறப்படைய அதன் பிழை அரிதாகும்; பிழை அரிதாக அதனைக் காணும் மனிதக் கண் மங்கும். இது தொழில்நுட்பத்துக்கு எதிரான வாதமன்று. எந்த இயந்திரத்தையும் கவனத்துக்கு மாற்றாக விலைபேசுவோரிடம் கேட்கவேண்டிய கேள்வி: கடைசி மீற்றரில் நடக்கப்போவது யார்?

வெடியகற்றுவோரைப் போலவே மீளக்குடியேறியோரின் நடத்தையும் 'கவனமின்மை' என்னும் பெயரால் அடிக்கடி விளக்கப்படுகிறது. எச்சரிக்கைப் பலகையைக் கடந்து விறகுக்கும் பழைய இரும்புக்கும் ஒருவர் சென்றால் அவர் அறியாமையால் சென்றார் எனக் கருதி, மேலும் பலகைகள் நாட்டப்படுகின்றன. ஆயின் வெடி அபாயக் கல்வித் துறையினரே ஆபத்தான நடத்தையை வகைப்படுத்தும்போது, அறியாதோர், தவறாக அறிந்தோர், துணிச்சற்காரர் என்போரோடு, நன்கறிந்தும் வேறு வழியின்றிச் செல்வோரையும் தனிவகையாகக் கொண்டுள்ளனர். இவ் இறுதி வகையினருக்குப் பலகை எதனையும் புதிதாகச் சொல்வதில்லை. தன் தென்னங்காணி கயிற்றுக்கு அப்பால் நிற்க, இப்பால் கூலிவேலை தேடுபவருடைய மனத்தில் நிகழும் கணக்கை 'அபாயம் பற்றிய பிழையான மதிப்பீடு' என்று கூறுவது உளவியலின் பெயரால் அரசியலை மறைப்பதாகும். அவரது மதிப்பீடு பிழையன்று. அவருக்குக் கிடைத்த தெரிவுகளே பிழையானவை.

இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்குவதற்கு வகுக்கப்பட்ட காலவெல்லை 2028 ஜூன். நிதியோ இன்றும் வெளிநாட்டு அரசுகளின் விருப்பத்தில் தங்கியுள்ளது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டுதவிகளை இடைநிறுத்தியபோது உலகின் பல வெடிநிலங்களில் வேலை தடைப்பட்டமை இதனை உணர்த்தும். வேலை முடியும் நாளில், இரு தசாப்தங்களாக இம்மண்ணின் ஒலிகளையும் நிறங்களையும் தோண்டப்பட்ட இடத்துக்கும் தோண்டப்படாத இடத்துக்குமுள்ள வேறுபாட்டையும் கற்ற உழைப்பாளர் கலைந்து செல்வர். கருவியின் ஒலிகளுக்கு அவர்கள் தமக்குள் வழங்கும் பெயர்கள் எவை, பயிற்சி நூல்களின் சிங்கள, ஆங்கிலச் சொற்கள் அவர்கள் வாயில் என்னவாயின, புதியவருக்கு முதியவர் எச்சொற்களாற் காட்டிக்கொடுக்கிறார் என்பவற்றைப் பதிவுசெய்வது உளவியலாரின் வேலை மட்டுமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைக்குப் பளை தூரமில்லை, புகையிரதமும் ஓடுகிறது. கடற்றொழிலாளரின் சொற்களையும் கமத்தொழிலாளரின் சொற்களையும் தொகுத்த மரபொன்று நம்மிடம் உண்டு. அதே முறையில், ஒலிப்பதிவுக் கருவியுடன், நிறுவனங்களின் அனுமதியோடும் உழைப்பாளரின் சம்மதத்தோடும், 2028 க்கு முன்னர் இதனைத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாணவர்கள் போதும்.